பாடநூலை நூலகமே வெளியிடுமா? திறந்த பாடநூல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரக் கல்லூரி ஆசிரியர்கள் எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன் செய்தும் நேரில் வந்தும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். உரிமம், படம் இரண்டையும் பற்றிய பதில்களை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வரும் சிக்கலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

திறந்த பாடநூல்னா என்னங்க? நெட்டுல இலவசமாக் கிடைக்கிற பிடிஎஃப் தானே?

இல்லை. இலவசமாக இறக்கிக்கொள்ள முடிவது வேறு, திறந்திருப்பது வேறு. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் அதில் ஒரு பாடத்தை எடுத்து, இரண்டு பக்கம் சேர்த்து, உங்கள் கல்லூரி பெயரில் வெளியிட முடியாது. திறந்த பாடநூலில் அந்த அனுமதி முன்கூட்டியே எழுதித் தரப்பட்டிருக்கும்: நகலெடுக்கலாம், அச்சடிக்கலாம், பெரும்பாலானவற்றை மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். திறந்த கல்வி வளங்கள் என்ற பெயரே 2002ல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு மன்றத்தில் பிறந்ததுதான். 2019 நவம்பரில் உறுப்பு நாடுகளுக்கான பரிந்துரையாகவும் யுனெஸ்கோ அதை ஏற்றது.

புத்தகம் போடறது பதிப்பகத்தோட வேலையாச்சே. நூலகத்துக்கு இதுல என்ன சோலி?

நியாயமான கேள்வி. பதிப்பு வேலையைப் பிரித்துப் பார்த்தால், உரிமை பார்ப்பது, பட்டியலிடுவது, ஐஎஸ்பிஎன் எண் வாங்குவது, பத்து வருடம் கழித்தும் கோப்பு திறக்கும்படி பாதுகாப்பது, தேடுகிறவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பாதிக்கு மேல் நூலகர் ஏற்கெனவே செய்கிற வேலைதான். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012ல் தன் முதல் பாடநூல்களை வெளியிட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் அதே ஆண்டு திறந்த பாடநூல்களுக்கென்றே ஓர் இணைய நூலகத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு அங்கே பல பல்கலைக்கழக நூலகங்கள் பதிப்பு உதவிக்குத் தனியாக ஆள் வைத்திருக்கின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. 1946ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியவர் நம்மூர் தி.சு. அவிநாசிலிங்கம். அந்தக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் மொடக்குறிச்சிப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். அறிவியலைத் தமிழில் தந்த கலைக்கதிர் கோவையிலிருந்து வந்த மாத இதழ். பாடப்பொருளை நாமே எழுதிப் போடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கையில் இருக்கும் கருவிதான் இப்போது மாறியிருக்கிறது.

நல்ல புத்தகங்கள் ஏற்கெனவே இருக்கே. உள்ளூர்ல ஒண்ணு எதுக்கு?

எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். வகைநுண்கணிதம் ஹூஸ்டனிலும் ஒன்றுதான், சத்தியமங்கலத்திலும் ஒன்றுதான். ஆனால் நீரியல் பாடத்தில் அமெரிக்க வீட்டுத் தோட்டத்துப் பம்பை வைத்துக் கணக்குப் போடுகிற மாணவருக்கு, தன் வீட்டுத் தோட்டத்து போர்வெல் கண்ணில் படுவதே இல்லை. இப்படி ஒரு கணக்கைப் பாருங்கள்: 5 ஹெச்பி நீர்மூழ்கி மோட்டார், 90 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் ஏற்றுகிறது, மொத்தச் செயல்திறன் 50 சதவீதம். நொடிக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? 3,730 வாட்டில் பாதியை, தண்ணீரின் அடர்த்தி 1000, புவியீர்ப்பு முடுக்கம் 9.81, ஆழம் 90 மூன்றின் பெருக்கலால் வகுத்தால், ஏறக்குறைய 0.002 கன மீட்டர், அதாவது 2 லிட்டர். மாணவர் வீட்டுக்குப் போய் ஒரு குடத்தையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் வைத்துச் சரிபார்த்துவிடலாம். விடை ஒத்துவராவிட்டால் இன்னும் நல்லது. குழாயின் உராய்வு, தேய்ந்துபோன இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) என்று அடுத்த பாடம் தானாக வந்துவிடும்.

சுற்றுச்சூழல் பாடத்துக்கு நொய்யல் இருக்கிறது. 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், பிறகு பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம் வந்ததையும் வரிசையாகச் சொன்னாலே ஒரு முழு யூனிட் ஆகிவிடும். பொருளாதாரத்துக்கு நாமக்கல் முட்டை விலை இருக்கிறது. இதையெல்லாம் வெளியூர்ப் புத்தகம் எழுதித் தராது.

அப்போ முழுப் புத்தகத்தையும் நானே எழுதணுமா? நேரத்துக்கு எங்க போறது?

வேண்டாம். எங்களைக் கேட்டால், முதல் முறை வருகிறவர் முழுப் புத்தகம் எழுதவே கூடாது. ஏற்கெனவே திறந்த உரிமத்தில் இருக்கும் நல்ல நூல் ஒன்றை எடுங்கள். உங்கள் சிலபஸோடு ஒப்பிட்டு, வேண்டாத அத்தியாயங்களைத் தள்ளுங்கள். ஐந்து யூனிட்டில் எது இடிக்கிறதோ அதை மட்டும் புதிதாக எழுதி, மற்றவற்றில் எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிக் கணக்குகளையும் மாற்றுங்கள். ஒரு கோடை விடுமுறையில் ஆகிற காரியம் இது. முழு நூலையும் தனியாளாக எழுத உட்கார்ந்தவர்கள் இரண்டாம் யூனிட்டோடு நின்றுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

தமிழ்ல போடலாமா?

தாராளமாக. 2010லேயே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் (சிவில்) இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. வகுப்பு தொடங்கிய வேகத்தில் புத்தகம் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. கலைச்சொல்லுக்கு அரசின் சொற்குவை தளத்தைப் பாருங்கள். அங்கே இருப்பது வகுப்பில் ஒட்டாவிட்டால் வழக்கில் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. முதல் அத்தியாயத்தில் ஒன்று, நான்காம் அத்தியாயத்தில் வேறொன்று என்று மாறாமல் இருந்தால் சரி.

கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே எடுத்துக்கலாமா?

முதல் வரைவுக்கு உதவும். அதையே அச்சுக்கு அனுப்பினால் மாணவர் ஆங்கிலப் புத்தகத்துக்கே திரும்பிப் போய்விடுவார்.

எந்த உரிமம் போடறது? ஆறு இருக்குதாம், தலை சுத்துது.

நீங்கள் சொல்வது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை. எழுதியவர் எதையெல்லாம் அனுமதிக்கிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் ஆயத்த உரிமங்கள் அவை, முதலில் 2002 டிசம்பரில் வந்தன. இப்போது புழக்கத்தில் இருப்பது 2013ல் வந்த 4.0 பதிப்பு. ஆறுக்கும் பொதுவானது ஒன்றுதான்: எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிபந்தனையோடு நின்றுவிடுவது சிசி பை. மாற்றி வெளியிடுகிறவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பது பை-எஸ்ஏ. வணிகப் பயன்பாடு கூடாது என்பது பை-என்சி. மாற்றியதை வெளியிடக் கூடாது என்பது பை-என்டி. எஸ்ஏ, என்டி இரண்டில் ஒன்றோடு என்சியைச் சேர்த்து வருவது மீதி இரண்டு.

பாடநூலுக்கு என்டி வேண்டவே வேண்டாம். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான், உங்கள் ஆங்கில நூலை ஒருவர் தமிழாக்கி வெளியிடுவதையே அது தடுத்துவிடும்.

ஆசிரியர்கள் பெரும்பாலும் கேட்பது என்சி. "நான் மெனக்கெட்டு எழுதுவேன், எவனோ விற்றுக் காசு பார்ப்பானா?" என்பார்கள். கோபம் புரிகிறது. ஆனால் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். மாணவர் பென் டிரைவைக் கொடுக்கிறார், கடைக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அடித்து, ஸ்பைரல் போட்டுத் தருகிறார். இது வணிகப் பயன்பாடா? அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற பாடப்பொருள் நிறுவனம் இதே காரணத்துக்காக ஃபெடெக்ஸ் நகலகத்தின் மேல் வழக்குப் போட்டது. பள்ளிக்காக நகலெடுத்துத் தருவது உரிம மீறல் ஆகாது என்று 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. நம்மூர்க் கடைக்காரர் பயந்து "காப்பிரைட் போட்டிருக்கு சார், வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் நட்டம் மாணவருக்குத்தான். அதனால் நாங்கள் பரிந்துரைப்பது சிசி பை அல்லது பை-எஸ்ஏ. இலவசமாகவே கிடைக்கிற புத்தகத்தை ஒருவர் விற்றுப் பெரும் பணம் பார்ப்பது நடக்கிற காரியமும் அல்ல.

இன்னொன்று: உரிமம் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. மனம் மாறினால் நீங்கள் வெளியிடுவதை நிறுத்தலாம். ஏற்கெனவே எடுத்தவர் கையிலிருந்து பிடுங்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

ரெண்டு திறந்த நூலை ஒண்ணாச் சேர்க்கலாமா?

உரிமம் ஒத்துப்போனால் சேர்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் உரை பை-எஸ்ஏ. ஓப்பன்ஸ்டாக்ஸின் வகைநுண்கணித நூல் பை-என்சி-எஸ்ஏ. ஒவ்வொன்றும் தன் உரிமத்தில்தான் வெளியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால் இரண்டையும் கலந்து ஒரே உரையாக்க முடியாது. சந்தேகம் வந்தால் கலப்பதற்கு முன்பே எங்களைக் கேளுங்கள்.

நான் சம்பளம் வாங்கற ஆசிரியர். புத்தகத்தோட உரிமை எனக்கா, கல்லூரிக்கா?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வேலை கொடுத்தவருக்குச் சேரும். பாடநூல் எழுதுவது உங்கள் வேலையின் பகுதிதானா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. வாதம் செய்துகொண்டிருப்பதைவிட, கல்லூரி முதல்வரிடம் "ஆட்சேபணை இல்லை" என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிடுவது சுலபம். மாதிரிக் கடிதம் நூலகத்தில் தருகிறோம்.

சில வருசம் முன்னாடி ஒரு பதிப்பகத்துக்குக் கைடு எழுதிக் கொடுத்தேன். அதையே இப்போ திறந்த நூலாப் போடலாமா?

ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் அது இப்போது உங்களுடையது அல்ல. ஆனால் எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லப்படவில்லை என்றால், சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறது. இது தெரியாமலே பல ஆசிரியர்கள் பழைய புத்தகத்தைக் கைகழுவிவிடுகிறார்கள். வெறும் ரசீதும் வாய்ப்பேச்சும்தான் என்றால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

படங்களுக்கு "நன்றி: இணையம்" போட்டாப் போதாதா?

போதாது. எங்கள் மேசைக்கு வரும் கையெழுத்துப் படிகளில் அதிகம் திரும்பிப் போவது இதனால்தான்.

வகுப்பில் பாடம் நடத்தும்போது ஆசிரியர் பிறருடைய பொருளை எடுத்துக் காட்டப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பாடநூல் பக்கங்களை நகலெடுத்துத் தந்ததற்காகப் பதிப்பகங்கள் போட்ட டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016ல் வந்த தீர்ப்புகளும் அதைத் தாராளமாகவே பார்த்தன. அந்தச் சலுகை வகுப்புக்கு. உலகம் முழுக்கப் போய்ச் சேரும், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று உரிமம் கொடுக்கிற புத்தகத்தில் அதே படத்தைப் போட்டால், உங்களுடையது அல்லாத ஒன்றை நீங்கள் தானம் செய்கிறீர்கள்.

வழி மூன்று. முதலாவது, நீங்களே படம் எடுங்கள். சாய ஆலையின் சுத்திகரிப்புத் தொட்டியோ, பெருந்துறைப் பக்கத்து மஞ்சள் காடோ, பீளமேட்டு வார்ப்படப் பட்டறையோ, அனுமதி கேட்டுக்கொண்டு கைப்பேசியில் எடுத்தாலே போதும். இரண்டாவது, வரைபடமாக இருந்தால் புதிதாக வரையுங்கள். தரவுக்கும் உண்மைக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. கோட்டுக்குக் கோடு பார்த்து வரைந்தால் அதுவும் நகல்தான், கவனம். மூன்றாவது, விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடத்திலிருந்து திறந்த உரிமப் படத்தை எடுத்து, அடியில் ஒழுங்காக விவரம் கொடுங்கள். ஒழுங்காக என்றால் இப்படி:

படம் 3.2: மையவிலக்குப் பம்பின் வெட்டுத்தோற்றம். வரைந்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ் இணைப்பு, சிசி பை-எஸ்ஏ 4.0. பகுதிப் பெயர்கள் தமிழாக்கப்பட்டுள்ளன.

தலைப்பு, ஆள், இடம், உரிமம், நீங்கள் செய்த மாற்றம். ஐந்தில் ஒன்று விட்டாலும் திருப்பி அனுப்புவோம்.

தமிழ்த் துறைக்கு இந்தத் தொல்லை இல்லையே? சங்கப்பாட்டுக்கு யார் உரிமை கேட்பாங்க?

பாட்டுக்கு இல்லை, உரைக்கு உண்டு. எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். உ.வே.சா. 1942ல் மறைந்தார், அவர் எழுதியவை இப்போது பொதுவுடைமை. போன வருடம் வந்த உரைநூலிலிருந்து பொழிப்புரையை எடுத்து ஒட்டினால் அது எடுத்ததுதான். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

என்கிட்ட இருக்கறது பழைய ஃபாண்ட்ல டைப் அடிச்ச கோப்பு. சரிப்படுமா?

அப்படியே சரிப்படாது. வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்தது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது கன்னாபின்னா ஆங்கில எழுத்து. தேடினால் கிடைக்காது, கைப்பேசியில் திறந்தால் புரியாத எழுத்தாக வரும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித்தான் வெளியிடுவோம். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதையும், நடுவில் வந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாக மாறியிருப்பதையும் மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

மென்பொருள் உங்கள் விருப்பம். வேர்டு, லிபர்ஆபீஸ் எதுவானாலும் தலைப்புகளுக்கு ஸ்டைல் போட்டு அடியுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது. கணக்குச் சமன்பாடு நிறைய இருந்தால் லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் நல்லது, தமிழுக்கு ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் வழியாக. இணையத்திலேயே பலர் சேர்ந்து எழுத வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ் மேல் கட்டிய பிரஸ்புக்ஸ் இருக்கிறது.

பார்வைத்திறன் இல்லாத மாணவர்கள் படிக்க முடியுமா?

படிக்கும்படி செய்வதால்தான் ஒருங்குறியிலும் தலைப்பு ஸ்டைலிலும் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறோம். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழைப் படித்துக் காட்டும், கோப்பு ஒழுங்காக இருந்தால். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதித் தாருங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களை ஏற்பதில்லை.

யார் சரிபார்ப்பாங்க? இலவசம்னா தரம் இருக்காதுன்னு சொல்றாங்களே.

உங்கள் கல்லூரியைச் சேராத இரண்டு பாட ஆசிரியர்களுக்கு அனுப்புவோம். அதோடு, ஒரு செமஸ்டர் வகுப்பில் வைத்து நடத்திப் பார்த்த பிறகே 1.0 என்று பதிப்பு எண் கொடுப்போம். பயிற்சிக் கணக்கின் விடையில் இருக்கும் பிழையைப் பேராசிரியரைவிட அரியர் வைத்திருக்கும் மாணவர் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார். அவருக்கு அது வாழ்வா சாவா விஷயம். பிழை சொன்ன மாணவர்களின் பெயரை முன்பக்கத்தில் போடுகிறோம்.

ஐஎஸ்பிஎன் வாங்க எவ்வளவு ஆகும்?

ஒரு பைசா ஆகாது. ஐஎஸ்பிஎன் என்பது ஒரு நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அச்சுக்கு ஒன்று, பிடிஎஃப்புக்கு ஒன்று, இபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு ஒன்று என்று தனித்தனி எண் வேண்டும். விண்ணப்பத்தை நாங்களே போடுகிறோம்.

பதவி உயர்வுக்குக் கணக்கில் வருமா? ராயல்டி உண்டா?

ராயல்டி இல்லை. பதவி உயர்வைப் பொறுத்தவரை, யுஜிசியின் 2018 விதிமுறை அட்டவணையில் நூலுக்கும், மொழிபெயர்ப்பு நூலுக்கும், மின்பாடப்பொருளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் இருக்கிறது. மொழிபெயர்த்த முழு நூலுக்கு 8. உங்கள் கல்லூரிக் குழு எந்த வகையில் சேர்க்கும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கல்லூரியின் தரக்காப்புப் பிரிவில் (ஐக்யூஏசி) கேட்டுவிடுங்கள். மதிப்பாய்வுக் கடிதங்களின் நகலைக் கொடுப்போம், இணைக்க உதவும்.

அச்சுப் பிரதி கிடைக்குமா?

கேட்கிற துறைக்கு வேண்டிய அளவு மட்டும் டிஜிட்டல் அச்சில் போட்டு, அடக்கவிலைக்குக் கொடுக்கிறோம். அச்சிட்டால் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் பிரதி அனுப்பியாக வேண்டும். அது எங்கள் பொறுப்பு. உங்களிடம் கேட்பது ஒன்றே: வரைபடங்களைக் கறுப்பு வெள்ளையில் அடித்தாலும் புரியும்படி போடுங்கள். "சிவப்புக் கோட்டைப் பார்க்க" என்று எழுதினால், ஜெராக்ஸ் எடுத்துப் படிக்கிறவருக்கு எல்லாக் கோடும் ஒன்றுதான்.

என் புத்தகத்தை யாராவது கன்னாபின்னான்னு மாத்தி, என் பேரையும் போட்டுட்டா?

மாற்றியதைச் சொல்லாமல் விட்டால் அது உரிம மீறல். சொல்லியிருந்தாலும், "என் பெயரை எடுத்துவிடு" என்று கேட்க 4.0 உரிமத்தில் இடம் உண்டு. உங்கள் மானத்தைக் கெடுக்கும் விதமாகத் திரித்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இருக்கிறது.

சிலபஸ் மாறிட்டா?

மாறும். அப்போது 2.0 போடுவோம், பழைய பதிப்பும் அதே முகவரியில் பக்கத்திலேயே இருக்கும், பழைய சிலபஸில் தேர்வு எழுதுகிறவர்களுக்காக. நீங்கள் ஓய்வுபெற்றோ ஊர் மாறியோ போயிருந்தால் வேறொரு ஆசிரியர் தொடரலாம். உங்கள் பெயர் முதலாவதாகவே நிற்கும். மூலக்கோப்பை எங்களிடம் கொடுத்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான். பிடிஎஃப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் ஒழுங்காகத் திருத்த முடியாது.

சரிங்க, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

வேலை நாளில் மதியத்துக்கு மேல் நூலகத்தின் பதிப்பு உதவி மேசைக்கு வாருங்கள். சிலபஸ் நகல் ஒன்று, நீங்கள் வகுப்பில் பயன்படுத்தும் நோட்ஸில் ஒரே ஒரு யூனிட், அதில் இருக்கும் படங்கள் எங்கிருந்து வந்தன என்ற குறிப்பு, இவ்வளவு போதும். வெளியூர்க்காரர்கள் முதலில் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வந்தால் ஒரே நடையில் வேலை முடியும். கோப்பு பழைய எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்து அனுப்புங்கள்.